மொட்டைத் தலைக்குத் திறக்காத கதவு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டேன். தம்பி ரகுபதிக்கு வெள்ளிக்கிழமை எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் இதய ஆபரேஷன், அவனுக்காக வேண்டிக்கொண்டது. கடைக்கு வந்தால், ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் என்னிடமே "சந்திரமதி அக்கா இல்லையா?" என்று கேட்கிறார்கள். ரகு போனில் சிரித்தான்: "நீ வந்து மொட்டையைக் காட்டினாதான் தியேட்டருக்குள்ள போவேன்." போகாமல் இருப்பேனா?

மார்ச் 7, வெள்ளி

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

எல்லையில் புது மெஷின். அடையாளக் கார்டை வைத்து முகத்தைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. தனி அறையில் உட்காரவைத்துவிட்டார்கள், நான் என்னவோ திருடி மாதிரி! ரித்திக் என்று ஓர் இளம் அதிகாரி, தமிழ்ப் பையன்தான். "முடிதான் தம்பி போச்சு. கண்ணு, மூக்கெல்லாம் அங்கேயேதானே இருக்கு? பாருங்க" என்றேன்.

என்னைப் பார்க்கவே இல்லை. திரையைத்தான் பார்த்தார். "மெஷின் நீங்க இல்லைன்னு சொல்லுது அக்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது லா. மேலே கேட்டிருக்கோம், வெயிட் பண்ணுங்க."

"தம்பிக்கு ஆபரேஷன்யா!" என்று கத்தினேன். சத்தம் போடக்கூடாதாம்.

விட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரகுவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். "அக்கா வந்துட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றார் நர்ஸ் ரஷீதா.

மார்ச் 8

ரகு போய்விட்டான். கண் விழிக்கவே இல்லை.

மார்ச் 15, சனி

காரியத்துக்கு வேண்டியதைப் பேச ரகுவின் மனைவி அமலாவிடம் போனேன். எங்கள் வீட்டில் பயணத்துக்கு முன்னால் கார்டைச் சாமி படத்தடியில் வைத்துத்தான் எடுப்போம். இன்றைக்கும் எடுத்துக்கொண்டு போய் மெஷினில் வைத்தேன்.

பச்சை. கதவு திறந்தது.

பையில் போடும்போதுதான் பார்த்தேன், அது வைதேகி அக்காவின் கார்டு! சாமி படத்தடியில் அவளுடையதும் இருந்திருக்கிறது. எனக்கு எட்டு வயது மூத்தவள். உருண்டை முகம், தலை நிறைய முடி.

என் கார்டில் நான் நான் இல்லை. அக்கா கார்டில் மட்டும் நான் அக்காவா? நாளைக்கு எவளோ என் கார்டைத் தூக்கிக்கொண்டு போனால் அவளையும் விடுமா? என்ன கருமம் பிடித்த மெஷின் இது!

பிடித்து வைத்தாலும் சரி என்று திரும்பி நடந்தேன். அதே ரித்திக். கார்டை மேசையில் போட்டேன். "இது நான் இல்லை தம்பி. உங்க மெஷின் நான்தான்னு சொல்லுது. இப்ப யாரை உட்காரவைக்கப் போறீங்க?"

பெரிய அதிகாரியைக் கூப்பிடச் சொல்லி, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று பதினாறாம் நாள் காரியம். எல்லையில் மெஷின்களை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். பழையபடி ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

ரித்திக் கார்டைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நீங்கதான். போங்கக்கா."

அவ்வளவுதான். அன்றைக்கும் இவ்வளவு நேரம்தானே ஆகியிருக்கும்? ரகு என் மொட்டையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.