போனில் கேட்டது

என் மருமகளுக்கு,

வலி குறைந்திருக்கிறதா? இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமு. எனக்கு நர்ஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். வந்து பார்க்கவில்லையே என்று நினைக்காதே, கால் வீங்கியிருக்கிறது.

முன்பு நான் என் பிள்ளைக்குக் கொடுத்த சிறுநீரகத்தில் மறுநாளே ரத்தம் உறைந்து, அதை வெளியே எடுக்கும்படி ஆயிற்று. "உங்க கிட்னி மேல தப்பில்லம்மா, அவரு ரத்தம் சட்டுனு உறையுது. அடுத்த தடவை முதல்லயே மருந்து குடுத்துடுவோம்" என்றார் டாக்டர். தலையாட்டினேனே தவிர, மனசு கேட்கவில்லை.

முந்தாநாள் அவன் போன் செய்தான். "அம்மா, ஒண்ணுக்கு வந்துடுச்சும்மா! உன் மருமக கிட்னி ஜம்முனு வேலை செய்யுது!"

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளுடையது தங்கவில்லை, நேற்று வந்தவளுடையது தங்கிவிட்டதே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அவன் பிழைத்த சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது. "சரியா கேக்கலடா" என்று போனை வைத்துவிட்டேன்.

நன்றாகத்தான் கேட்டது. காலுக்கும் ஒன்றுமில்லை. இதே ஆஸ்பத்திரியில், கீழே மருந்துக்கடைக்கு எதிர் பெஞ்சில்தான் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். உன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. வெந்நீர் பிளாஸ்க்கோடு இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவனை இன்னொரு தடவை போன் பண்ணிச் சொல்லச் சொல். இந்தத் தடவை கேட்கும்.

உன் அத்தை