ஆமை இல்லாத பத்தி

ஜூலை 8, செவ்வாய்

நாளை என் நான்காம் வகுப்புக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்வு. ஆமையைப் பற்றி ஒரு பத்தி, கீழே பத்துக் கேள்விகள். மதிப்பெண் மேலிடத்துக்குப் போகும். அதனால் அதே பத்தியையும் கேள்விகளையும் ஒரு வாரமாக உருப்போட வைத்திருக்கிறேன். தப்பா? எல்லாரும் செய்வதுதானே.

ஜூலை 10, வியாழன்

திருத்தி முடித்தேன். முப்பத்தாறில் முப்பத்தைந்து பேர் பத்துக்குப் பத்து! தலைமையாசிரியை கையைக் குலுக்கினார். மீதி ஒருத்தி, தேர்வன்றுதான் வந்து சேர்ந்தவள். வகுப்பில் அவளுக்குப் பெயரே 'புதுசு'. பத்துக் கேள்விக்கும் ஒரே பதில்: 'இதில் ஆமை இல்லை.' என்ன திமிர்! சைபர் போட்டு, மாலைச் சிறப்பு வகுப்புப் பட்டியலில் சேர்த்தேன். அங்கும் தேறாவிட்டால் மூன்றாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள்.

ஜூலை 14, திங்கள்

புதுசின் அம்மா வந்தார். தையல்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பத்தியும் கேள்விகளும் மேலேயே அச்சிட்ட விடைத்தாளை மேசையில் விரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதுல எந்த வரியில ஆமை வருது?"

காட்ட விரலை நீட்டினேன். வைக்க இடமில்லை. பத்தி முழுக்கத் தபால்காரர்! வினாத்தாள் தயாரிக்கும்போது ஆமைக் கேள்விகளுக்கு மேலே வேறு பத்தியை யார் ஒட்டியது? நான்தான். முப்பத்தைந்து பிள்ளைகள் தபால்காரருக்குக் கீழே 'ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும்' என்று எழுதியிருக்கிறார்கள். நானும் வரிவரியாகச் சரி போட்டிருக்கிறேன். மானம் கப்பலேறிவிட்டது.

ஜூலை 15

அந்த சைபரை மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிட்டால்? யாருக்குத் தெரியப்போகுது?

அந்தப் பிள்ளைக்குத் தெரியுமே. சே.

ஜூலை 16

சொல்லிவிட்டேன்.

"மேலிடத்துக்கு அனுப்பியாச்சேம்மா! பசங்கதான் படிக்கல, நீங்களாவது படிச்சிருக்கக் கூடாதா?" என்றார் தலைமையாசிரியை.

மறுதேர்வு வைக்கச் சொன்னார்.

ஜூலை 18, வெள்ளி

யாரும் பார்த்திராத பத்தி. தேறியவர்கள் நான்கே பேர். புதுசு மட்டும் பத்துக்குப் பத்து. பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு முப்பத்திரண்டு பெயர்கள் எழுதினேன், கை வலிக்க வலிக்க. வகுப்பு எடுக்கப்போவதும் நான்தான். நல்லா வேணும் எனக்கு.

ஜூலை 21, திங்கள்

மாலை வகுப்பு. முதல் பெஞ்சில் புதுசு.

"உன் பேரைத்தான் அடிச்சிட்டேனே. வீட்டுக்குப் போகலையாம்மா?"

"இங்க பத்தியைப் படிக்க விடுவீங்கன்னு சொன்னாங்க, டீச்சர்."

புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.