இடது விளக்கு, வலது விளக்கு

அக்டோபர் 16

எங்கள் முதலாளி டாக்டர் யோம் ஒரு கோழை. ஒருத்தியை வேலையை விட்டு அனுப்ப வாய் வராமல், அந்தக் காரியத்தை ஒரு துளி வெளிச்சத்திடம் கொடுத்துவிட்டார்.

நானும் ஹேரான் அக்காவும் ஒரே வாரத்தில் இங்கே சேர்ந்த ஒப்பந்தக்காரர்கள். இரண்டு வருடம் தாண்டினால் நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம். அதனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிடுவது இந்த டேஜான் நகரத்தில் எல்லாக் கம்பெனிகளும் செய்வதுதான். இந்த முறை ஒரு நிரந்தர இடம் இருக்கிறதாம். நாங்கள் இரண்டு பேர்.

"ஏணி போட்டுரலாமா சார்?" என்றாள் அக்கா.

காபி வாங்க யார் போவது, மதியம் எங்கே சாப்பிடுவது எல்லாமே எங்களுக்குத் தாளில் வரையும் ஏணிச் சீட்டுதான். மேலே பெயர்கள், கீழே பலன், நடுவில் தாளை மடித்து மறைத்த குறுக்குக் கோடுகள். பெயரில் விரல் வைத்து, குறுக்குக் கோடு வரும் இடமெல்லாம் திரும்பி இறங்க வேண்டியதுதான்.

யோம் சிரிக்கவில்லை. "ஏணியில கள்ளம் பண்ணலாம். கோடு போட்டவனுக்கு முன்னாடியே தெரியும். பெட்டியில எவனாலயும் முடியாது."

பெட்டி என்பது நாங்கள் கல்லூரிகளுக்குச் செய்து விற்பது. உள்ளே, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி. அதன்மேல் ஒரே ஓர் ஒளித்துகளை விட்டால், ஒன்று இடது விளக்கு எரியும், அல்லது வலது விளக்கு. எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். அதை அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்புவது அக்காவும் நானும். உள்ளே என்ன நடக்கிறது என்று இதுவரை கேட்டதில்லை.

அக்டோபர் 20

இடது அக்காவுக்கு, வலது எனக்கு; எரிகிற பக்கத்துக்காரிக்கு வேலை. யோம்தான் பொத்தானை அழுத்தினார்.

வலது.

அக்கா கைதட்டினாள். அவள் ஒருத்திதான் தட்டினாள்.

அக்டோபர் 31

அக்காவுக்குக் கடைசி நாள். பன்றி இறைச்சி சுட்டு, சோஜு மது ஊற்றி, வழியனுப்பு விருந்து. யோம் கண் கலங்கிப் பேசினார்.

"ஹேரான், நீ தோக்கலம்மா. ஒளித்துகள் ரெண்டு பக்கமும்தான் போகுது. இடது எரிஞ்ச உலகமும் இருக்கு. அங்க நீ இருக்கே, இதோ இந்த செரின் போயிட்டா. அதுவும் இதே அளவு நிஜம்."

"அப்ப அங்க இருக்கிற என்னை, சம்பளத்துல பாதி இங்க அனுப்பச் சொல்லுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் நிஜமாகவே அதை நம்புகிறார். பொய் சொல்லியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா என் தோளில் இடித்தாள். "அந்தப் பக்கம் நீ வீட்டுல மூக்கைச் சிந்திட்டு உக்காந்திருப்ப. நான் தினம் போன் பண்ணி உன் உயிரை வாங்குவேன், பாத்துக்க."

அந்தப் பக்கம்.

நவம்பர் 7

அக்காவுக்கு அனுப்பிய செய்தியின் பக்கத்தில் இன்னும் '1' நிற்கிறது. படித்தால் அது மறைந்துவிடும்.

நவம்பர் 9

ஞாயிறு. நாள் முழுக்க நான் பேசியது கடைக்காரனிடம் "பை வேண்டாம்" மட்டும். அறையில் நூடுல்ஸ்.

அந்த இன்னொரு செரின் இப்போது என்ன செய்கிறாள்? அவளுக்கு வேலை இல்லை. ஆனால் அவளுக்கு அக்கா போன் பண்ணுகிறாள். எனக்கு வேலை இருக்கிறது, போன் ஊமையாகக் கிடக்கிறது. யாருக்கு விழுந்தது நல்ல பக்கம்? — என்னடி இது, வேலை கிடைச்சவ உக்காந்து அழுவுற.

நவம்பர் 17

யோமிடம் நேரே கேட்டுவிட்டேன்.

"நான் அன்னைக்கு லீவு போட்டிருந்தா அதுக்கு ஒரு உலகம், பஸ்ஸை விட்டிருந்தா அதுக்கு ஒரு உலகமா சார்?"

"சினிமா பாத்துக் கெட்டுப் போயிருக்கே. நீ மனசு மாத்துறதுனால எல்லாம் உலகம் பிரியாது. துகள் அளவுல ரெண்டு வழி இருக்கணும். அது பெருசாகி விளக்கு வரைக்கும் வந்தா, பாக்குற நாமளும் சேந்து பிரியறோம்."

"ஏணியில?"

"ஏணியில ஏது பிரிவு? கோடு போட்டாச்சு. நீ இறங்குற, அவ்வளவுதான்."

"சரி, பொத்தான் அழுத்துறதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம்?"

"அது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். பிரியற வரைக்கும் ஒரே கதை."

"ரெண்டுல நான் யாரு?"

"ரெண்டும் நீதான். ஒருத்தியால இன்னொருத்தியைப் பாக்க முடியாது."

பார்க்கவே முடியாததை இருக்கிறதென்று எப்படிச் சொல்வது? கேட்டேன். இயற்பியல் கணக்கு இரண்டையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறதாம். ஒன்றை வெட்டி எறிகிற விஞ்ஞானிகளும் உண்டாம். "எனக்கு வெட்ட மனசு வரல" என்றார்.

இதை அவரிடம் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. டீ ஆறிப் போகும்வரை பேசினார். அவருக்கும் பேச ஆளில்லை.

நவம்பர் 18

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது.

பொத்தானுக்கு முன்னால் நடந்தது இரண்டு பக்கமும் ஒன்று. ஓர் இடம்தான் என்று யோம் முடிவு செய்தது பொத்தானுக்கு முன்னால். ஆகவே இடது எரிந்தாலும் ஒருத்தி வெளியே, வலது எரிந்தாலும் ஒருத்தி வெளியே. எவள் என்பதைத்தான் கண்ணாடி சொன்னது. ஒருத்தி போக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் போட்டது அவர்.

இரண்டு உலகத்திலும் ஒரு சம்பளம் அவருக்கு மிச்சம். அங்கேயும் அக்கா தனியாக அட்டை ஒட்டிக்கொண்டிருப்பாள், என் காலி நாற்காலிக்குப் பக்கத்தில்.

வெட்ட மனசு வரலையாம்.

நவம்பர் 24

'1' மறைந்தது. "மார்ட்ல ராத்திரி ஷிப்ட். தூங்கினா போதும்னு இருக்கு. நீ நல்லா இரு."

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 1

நிரந்தர ஒப்பந்தம் வந்துவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டேன்: "பார்சல் மலையா தேங்குது. ஒருத்தியால முடியல. அக்காவைத் திரும்ப எடுங்க சார்."

"உன் பக்கம் எரிஞ்சிருக்கு. சந்தோஷமா இரேம்மா."

கையெழுத்துப் போடாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 4

இன்று காபிக்கு ஏணி வரைவது என் முறை. ஆபீஸில் எல்லோர் பெயரையும் வரிசையாக எழுதினேன். ஹேரான் அக்கா பெயரையும். தாளை மடித்து நடுப்பகுதியை மறைத்து நீட்டினேன். பெயரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக விரல் வைத்து இறங்கினார்கள். அக்காவுக்காக நான் இறங்கினேன்.

காபி அக்காவுக்கு விழுந்தது. விழும் என்று எனக்கு முன்னாடியே தெரியும். கோடு போட்டவள் நான்.

கணக்குப் பார்க்கிற பையன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். தாளைக் கொண்டுபோய் யோமின் மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஒப்பந்தம், கையெழுத்து இல்லாமல்.

"இன்னைக்கு காபி ஹேரான் அக்கா முறை சார். கூப்பிடுங்க."

அவர் விரலை அக்கா பெயரில் வைத்துக் கோடு கோடாக இறங்கிப் பார்த்தார். கீழே வந்து, மறுபடியும் மேலே போனார். நான் அங்கேயே நின்றேன்.

"போன் பண்ணுங்க சார்."