சராசரியை எந்தப் பக்கம் கூட்டுவது

ஜூலை 28

மழைக்கால முன்கணிப்பு இன்று காலை வந்துவிட்டது. நம் ஆற்றின் மேல்பகுதி மலைகளில் அடுத்த மூன்று மாதங்களுக்குச் சராசரிக்கு மேல் மழை பெய்ய 45 விழுக்காடு வாய்ப்பு, சராசரி மழைக்கு 35, சராசரிக்குக் கீழே 20. இந்த மூன்று எண்களை ஒரு பக்கக் குறிப்பாக்கி வியாழக்கிழமை கூட்டத்தில் வைக்க வேண்டும். பாலம் கட்டும் இந்தக் கம்பெனியில் வானிலை ஆபத்துப் பிரிவு என்று ஒரு பலகை தொங்குகிறது. அதற்குக் கீழே இருப்பது நான் ஒருத்தி மட்டும். பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின், நாள் முழுக்க சூட்டை என் மேல் ஊதிக்கொண்டு.

ஆற்றுக்குள் நிற்கும் பெரிய கிரேனைக் கழற்றிக் கரையேற்ற ஐந்து நாள் ஆகும். நாளைய மழையைச் சொல்பவர்கள் மூன்று நாளுக்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். அதனால்தான் மாதக்கணக்கில் முன்னால் பார்க்கும் என் பிழைப்பு ஓடுகிறது.

போன வருடம் சராசரிக்கு மேல் 50 என்று எழுதி எல்லோரையும் ஆற்றைவிட்டு ஏற்றினேன். பொட்டு மழை இல்லை. மறுவாரம் என் நாற்காலியில் யாரோ ஒரு குடையை மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் நான் குடையம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன் என்று இங்கே எழுதினால் அது பொய்.

இந்த வருடம் தம்பி ஆற்றுக்குள் இருக்கிறான். ஐந்தாம் தூண் அவன் பொறுப்பு.

ஜூலை 31

திட்ட மேலாளர் வாயைத் திறந்தாலே மிச்சமிருக்கும் நாளைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். நாங்கள் வைத்த பெயர் காலண்டர். இன்றும் அப்படித்தான்.

"செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள தூண் முடியணும். நாப்பத்தாறு நாள்தான் இருக்கு. சொல்லுங்கம்மா, மழை வருமா வராதா?"

"அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாது சார். மூணு விதமா—"

"கதை வேணாம்." என் தாளை இழுத்துப் பேனாவால் கூட்டினார். "முப்பத்தஞ்சும் இருபதும் அம்பத்தஞ்சு. அப்ப பெருமழை வராம இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. இதைத்தானே சுத்தி வளைச்சுச் சொல்ல வர்றீங்க?"

மேசையின் அந்தப் பக்கம் யாரோ "குடை எடுத்துட்டு வந்திருக்காங்களான்னு பாருங்க" என்றார். சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

"ஆமா சார்" என்றேன்.

'சராசரி அல்லது அதற்குக் கீழ்: 55 விழுக்காடு' என்று என்னையே அடிக்க வைத்து, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கூட்டலில் பிழை இல்லை. பிழை இல்லை, பிழை இல்லை என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு ஏன் சொல்லிக்கொண்டே இருந்தேன்?

ஆகஸ்ட் 3

ஞாயிறு. அம்மா இரண்டு முறை "என்னடி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 9

பணியிடத்துக்குப் போனேன். ஆறு ஓர் ஓரமாக, வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. குறுக்கே லாரி போக மண்பாதை போட்டிருக்கிறார்கள். நடுவில் ஐந்தாம் தூண், கம்பி நீட்டிக்கொண்டு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, கரை மேட்டில் இருந்த தகரக் கொட்டகைகள் அத்தனையும் கீழே மணல் திட்டுக்கு வந்திருந்ததுதான். அறுபது பேர் தூங்கும் கொட்டகைகள்.

சமையல்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மேடு ஏறி எறங்கியே முட்டி தேஞ்சு போச்சும்மா. மழை இல்லைன்னு உங்க பேப்பர் வந்துச்சாமே, அதான் இங்கேயே எறங்கிட்டோம். நீங்க நல்லா இருக்கணும்."

என் தாள் தம்பியின் கொட்டகைக் கதவில் ஒட்டியிருந்தது.

"யாருடா கீழ இறக்கச் சொன்னது?"

"நான்தான். மேல போக வர நடையே தினம் ரெண்டு மணி நேரத்தைத் தின்னுது. நீதான் அம்பத்தஞ்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டியேக்கா, அப்புறம் என்ன?"

அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். மழை சராசரியா இல்லையா என்று கேட்டதே தப்பு. செப்டம்பர் பதினைந்துக்குள் ஆறு அந்த மண்பாதை மேல் ஏறுமா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

முப்பது வருட நீர்மட்டத்தை எடுத்தேன். அதிக மழை பெய்த பத்து வருடங்களில் எட்டு முறை பாதை மூழ்கியிருக்கும். குறைந்த மழை பெய்த பத்து வருடங்களில் ஒரே முறை. சராசரி மழை பெய்த பத்து வருடங்களில் ஐந்து முறை. ஐந்து! சராசரி மழை என்றால் ஆறு சும்மா இருக்கும் என்று யார் சொன்னது? அந்த முப்பத்தைந்தை அப்படியே தூக்கிப் பத்திரமான பக்கத்தில் போட்டுவிட்டோம். போட்டது அவர், தலையாட்டியது நான்.

45, 35, 20 என்ற வாய்ப்புகளை இவற்றோடு பெருக்கிக் கூட்டினால் பாதை மூழ்க 55 விழுக்காடு, சொச்சம். அதே ஐம்பத்தைந்து, எதிர்ப்பக்கத்தில். மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

காலண்டர் என் புதுக் கணக்கை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்து நாள் முன்னாடி நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டவ நான்தான் சார். அது தப்புன்னு சொல்றவளும் நான்தான்."

"போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா உங்க மேசை இங்க இருக்காது."

"தெரியும் சார்."

"தம்பி அங்க இருக்கான்னு பயந்துட்டு வந்து நிக்கிறீங்களா?"

"அவன் இருந்தாலும் இல்லாட்டியும் கணக்கு இதுதான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கணக்கு இதுதான், சரி. ஆனால் அவன் அங்கே இல்லாவிட்டால் நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருப்பேனா? மாட்டேன். அறுபது பேர் அங்கேதான் தூங்கியிருப்பார்கள்.

மாலை உத்தரவு போட்டார். கொட்டகைகள் மேட்டுக்கு. கிரேன் கரைக்கு. செப்டம்பர் பதினைந்து வரை ஆற்றுக்குள் வேலை கிடையாது.

ஆகஸ்ட் 12

தம்பி போன் செய்தான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டக்கா. இந்தத் தூணை முடிச்சா அடுத்த பாலம் எனக்குன்னு சொல்லியிருந்தாங்க. உனக்குப் பயம்னா நீ குடை பிடிச்சுக்கோ, எனக்கு எதுக்குப் பிடிக்கிற?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். திருப்பி அழைத்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19

கிரேன் கரையேறிவிட்டது. வெயில்.

ஆகஸ்ட் 22

வெயில். மொட்டை வெயில்.

ஆகஸ்ட் 25

"துணி ரெண்டு மணி நேரத்துல காயுதேன்னு ஊரே சந்தோஷமா இருக்கு, நீ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்கிறாள் அம்மா. எந்த முகத்தோடு அவளிடம் சொல்வேன்?

ஆகஸ்ட் 29

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நான் மழைக்காக வேண்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்கிறேன். நீலமாக இருந்தால் கோபம் வருகிறது. மழை அல்ல, வெள்ளமே வர வேண்டும், அந்த மண்பாதையை அடித்துக்கொண்டு போக வேண்டும், காலண்டர் பார்க்க வேண்டும், தம்பியும் பார்க்க வேண்டும். எல்லோரும் மேட்டில்தானே இருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று கூடவே ஒரு சமாதானமும்.

செப்டம்பர் 2

காலண்டரின் பொறுமை தீர்ந்துவிட்டது. எட்டுப் பேர் மட்டும், சின்ன மிக்சர், பம்ப், மூன்று நாள். இறங்கித் தூண் தலைக்குக் கான்கிரீட் போட்டுவிட்டு ஏறிவிட வேண்டியது. மலையில் சாரல்தான் என்று மூன்று நாள் முன்னறிவிப்பும் சொல்கிறது.

"இத்தனை நாள் காஞ்சாச்சே, உங்க அம்பத்தஞ்சு இப்ப எவ்வளவு?"

"குறைஞ்சிருக்கும் சார். எவ்வளவுன்னு தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது சார். இறங்க வேணாம்னுதான் நான் சொல்லுவேன்."

அவர் குறித்துக்கொள்ளவில்லை. இறங்கும் எட்டுப் பேருக்கும் தலைவன் தம்பி. தானே கேட்டு வாங்கினானாம். அவனுக்குப் போன் செய்ய எடுத்தேன். அன்று எடுக்காதவன்தானே, வேண்டுமானால் அவன் பேசட்டும் என்று வைத்துவிட்டேன். மூன்று நாள்தானே.

செப்டம்பர் 4, பிற்பகல்

ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மதியம் ஒன்றரைக்குக் காலண்டர் என் மேசைக்கே வந்தார். இத்தனை வருடத்தில் முதல் முறை. "ஆறு வந்துடுச்சும்மா. மலையில நேத்து கொட்டியிருக்கு. ஏழு பேர் மேல ஏறிட்டாங்க."

ஏழு. எட்டாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்குது. அங்கேயும் வெயிலாம். வெயில்ல எப்படி ஆறு வரும்னு இவங்க எல்லாம் என்னைக் கேக்கறாங்க. என்னைப் போய் கேக்கறாங்க.

அவன் போன் அணைந்திருக்கிறது. இருபத்தொரு முறை அழைத்துவிட்டேன்.

நான் கேட்டேன். ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு தினமும் கேட்டேன். பாவி, வாய் திறந்து கேட்டேனே.

மூணு மணி. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மூணு இருபது. வேறு யாருடைய போனிலிருந்தோ அழைப்பு. "அக்கா, நான்தான்."

அதற்கு மேல் இன்று எழுத வராது.

செப்டம்பர் 5

ஓரத்துத் தண்ணீர் திடீரென்று கலங்கி, சுள்ளியும் நுரையுமாக வந்ததைப் பார்த்து அவன்தான் விசில் ஊதியிருக்கிறான். ஏழு பேரையும் ஏற்றிவிட்டு, மட்டம் பார்க்கும் கருவியை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறான். அதற்குள் பாதை அறுந்துவிட்டது. தூண் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம். கயிறு போட்டு இழுத்திருக்கிறார்கள். மிக்சர், பம்ப், மண்பாதை, கொட்டகைகள் நின்ற மணல் திட்டு, எதுவும் இல்லை.

காலண்டர் எல்லோருக்கும் முன்னால் என் கையைக் குலுக்கினார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, குறைபட்டுக்கொள்வது போல, "ஏம்மா, அன்னைக்கே நூறுன்னு சொல்லியிருந்தா நான் இறக்கியே இருக்க மாட்டேனே" என்றார். உண்மையாகவே வருந்தித்தான் சொன்னார்.

செப்டம்பர் 8

தம்பி இங்கேதான் இருக்கிறான். உள்ளங்கை இரண்டிலும் கட்டு. அம்மா பிசைந்து ஊட்டினாள், குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் கேட்டான்.

"ஆபீஸ்ல உன்னை ரொம்பக் கேலி பண்ணினாங்களாமேக்கா. மழை வரணும்னு நினைச்சியா?"

"நினைச்சேன்டா. தினமும்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் மழை வரக்கூடாதுன்னு நினைச்சேன். அதை வச்சே வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். கணக்கா பார்த்தேன்?"

பிறகு அந்த முப்பது வருடக் கணக்கைக் காட்டச் சொன்னான். கணினியைத் திறந்து அவன் பக்கம் திருப்பினேன். முப்பத்தோராவது வரியில் இந்த வருடத்தைச் சேர்த்தேன். பாதை மூழ்கிய நாள்: செப்டம்பர் 4.

"அப்ப கீழ எத்தனை பேர் இருந்தாங்கன்னு ஒரு கட்டம் போடுக்கா."

போட்டேன். இந்த வருடத்துக்கு எட்டு. மேலே இருக்கும் முப்பது வருடங்களுக்கும் நிரப்பலாம் என்று பழைய பதிவுகளையெல்லாம் இன்று முழுக்கத் தேடினோம். நீர்மட்டம் விரற்கடை அளவுவரை இருக்கிறது. ஆட்களை யாரும் எழுதி வைக்கவில்லை.