ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவள் எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்களுக்கு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் சிறையில் ஒருவர் பிரித்துப் படிப்பார் என்று நகரசபைக் குமாஸ்தா சொன்னார். படிக்கிறவருக்கும் என் வணக்கம். இதில் படையைப் பற்றி ஒன்றும் இல்லை, ஐயா. எங்கள் நகரசபையைப் பற்றித்தான்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். நகரசபை மாடியில் அதே அறிவிப்பு அறை, அதே மைக். உங்களைக் கொண்டுபோன பிறகு ஒருவர் வந்தார், அவரைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொருவர் வந்தார், விமானச் சத்தம் கேட்டாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. குமாஸ்தாதான் என் பெயரைச் சொன்னாராம். அதைக் கேட்டு அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். "இவளா? கடையில உப்பு கேக்கவே என்னைத் துணைக்குக் கூப்பிடுவாளே" என்றாள். அவள் சொன்னது சரிதான். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னதற்கு வாய் திறக்காமல் நின்று, அதோடு பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தவள்தானே நான்.

ஆனால் அந்த அறையில் யார் முகமும் இல்லை. விமானத்துக்குப் பயந்து ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்று கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சைத் தட்டினால் சின்ன சிவப்பு விளக்கு எரிகிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் குரல் வந்துவிடுகிறது. எந்த அறிவிப்பானாலும் நீங்கள் செய்வதுபோலவே இரண்டு தடவை சொல்கிறேன். கடைத்தெருவிலும் தபால் நிலையத்தின் முன்னாலும் நம் தெருமுனையிலும் கம்பத்து ஒலிபெருக்கிகளில் என் குரல் கேட்கிறதாம். என்னுடையது மாதிரியே இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

என் முதல் அறிவிப்பு என்ன தெரியுமா? "தவறான செய்தி பரப்பித் தண்டனை பெற்ற ஊழியரின் குடும்பம் என்றும் பாராமல், நகரசபைத் தலைவர் அவர்கள் கருணை கூர்ந்து அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு வேலை அளித்துள்ளார்." இதை என் வாயாலேயே சொல்ல வைத்தார். இரண்டு தடவையும் சொன்னேன். நம் வீட்டு ஜன்னல்களை அம்மா சாத்திவிட்டாளாம். சாத்தினால் கேட்காமலா போகும்?

சபைக் கூட்டம் நடக்கும்போது தண்ணீர்க் கூஜாவோடு கதவோரம் நிற்பதும் என் வேலை. போன கூட்டத்தில் விளக்குக் கம்பங்களுக்கு வெள்ளை வளையம் பூசுவதா வேண்டாமா என்று பெரிய சண்டை. இருட்டில் ஜனங்கள் கம்பத்தில் முட்டிக்கொள்கிறார்கள். பூச வேண்டும் என்று எழுந்து பேசிய மருந்துக்கடைக்காரர் நெற்றியிலேயே எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. "உறுப்பினர் ஆதாரத்தோட வந்திருக்காரு, நிறைவேத்திடுங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பதுங்குகுழியில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை கத்துவதைப் பற்றிப் பேசினார்கள். இடுகாட்டுக் கதவின் கீல் உடைந்திருப்பதைப் பற்றியும் பேசினார்கள். அந்தக் கதவைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதவில்லை.

தலைவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். எதையும் எழுதித் தருவதில்லை. மாடி ஏறி வந்து, வாசலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். "ஏய் ஊமைக்கோட்டான், காதுல வாங்கிக்கோ. நான் சொல்றதுல ஒரு வார்த்தை கூட்டாதே, ஒரு வார்த்தை குறைக்காதே" என்பார். "சரிங்க ஐயா" என்பேன். நான் அவரிடம் பேசுவது அவ்வளவுதான். "நாய்க்குட்டி மாதிரி சொன்னதைக் கேக்குதுய்யா. அப்பனுக்கும் இந்தப் புத்தி இருந்திருந்தா உள்ள போயிருப்பானா?" என்று என் காதுபடவே குமாஸ்தாவிடம் சொன்னார்.

அவர் பேசும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்ப்பேன். இதே வாசலில் நின்றுதானே, தொட்டித் தண்ணீர் நல்ல தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லும்படி உங்களிடம் சொன்னார்? ஊரில் பிள்ளைகள் சுருண்டு விழுந்ததும், நான் எங்கே சொன்னேன், அவனாகச் சொன்னான் என்று கையைக் கழுவிக்கொண்டார். இந்தக் கழுத்து வியர்க்கிறதை நான் பார்க்காமல் விடமாட்டேன் என்று தினமும் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். "வேலைக்குப் போனோமா வந்தோமான்னு இரு, எதையும் மனசுல வச்சுக்காதே" என்கிறாள் அம்மா. வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் பேசுவது ஒவ்வொன்றையும் அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும், அப்பா. நீதிமன்றத்தில் நீதிபதி, "உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது யார்?" என்று கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னது நான்தான்" என்றீர்கள். நானும் அம்மாவும் கடைசி பெஞ்சில் இருந்தோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? எழுதுங்கள்.

உங்கள் பதிலையும் ஆசியையும் எதிர்பார்க்கும்
பெரியவள்

* * *

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இருமல் குறைந்ததில் அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. "அவரும் பிள்ளைகுட்டிக்காரர், விட்டுவிடு. யார் சொல்லச் சொன்னால் என்ன, குரல் என்னுடையது. என் குரலைக் கேட்டுத்தான் பாப்பா குடித்தாள்" என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், தங்கச்சிப் பாப்பாவைப் பற்றிய வரியைத் தவிர.

என்னால் விட முடியவில்லை, அப்பா. மற்றவர்கள் மூலம் கன்னாபின்னாவென்று உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் குழாய்களில் தண்ணீர் நூல்போல வந்துகொண்டிருந்தது. கடைத்தெருக் குழாயடியில் ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். பத்து மணி வாக்கில் தலைவர் மாடி ஏறி வந்தார். வழக்கம்போல வாசலில் கையை ஊன்றினார். "ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. இன்னைக்கும் நாளைக்கும் தண்ணி வராது. மோட்டார் ரிப்பேர்" என்றார்.

நான் சரிங்க ஐயா என்று சொல்லவில்லை. மோட்டார் கீழே நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். நீங்கள் அன்றைக்கு அவரை எதிர்த்துக் கேட்டிருப்பீர்கள், அதற்கு அவர் ஏதோ சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த ஏதோ ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அதனால் உங்களை மாதிரியே தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, மோட்டார் நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

என்னைத் திட்டத் தொடங்கினார். "மோட்டார் ஓடும்டி, அதுக்கு ஊத்துற டீசல் என் ஐஸ் ஃபாக்டரிக்குப் போயிருக்கு. பட்டாளத்து முகாமுக்கு ஐஸ் போகலைன்னா நீயா வந்து பதில் சொல்லுவே? எவன் கேட்டாலும் டீசல் பேச்சை எடுக்கக் கூடாது. உங்கப்பனும் இப்படித்தான் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். ஐயா, தொட்டியில குளத்துத் தண்ணிய ஏத்தியிருக்கீங்க, நாத்தமடிக்குதுன்னான். நல்ல தண்ணின்னு சொல்லுடான்னேன். சொன்னானா இல்லையா? நீயும் சொல்லு" என்றார்.

"சரிங்க ஐயா" என்றேன்.

அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கதவைத் தாழ் போட்டேன். சுவிட்சைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "பொதுமக்களுக்கு நகரசபைத் தலைவரின் அறிவிப்பு. தலைவர் அவர்கள் சொன்னது சொன்னபடியே" என்று தொடங்கி, அத்தனையும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் 'டி' போட்டுச் சொன்ன இடத்தில் நானும் 'டி' போட்டேன். உங்கப்பன் என்று அவர் சொன்ன இடத்தில் உங்கப்பன் என்றே சொன்னேன்.

முதல் தடவை சொல்லி முடித்தபோது அவர் காருக்குப் பக்கத்தில் போயிருந்தார் என்று குமாஸ்தா பிறகு சொன்னார். கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றாராம். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டியரிங்கைத் துடைத்தானாம். பிறகு திரும்பி ஓடி வந்தார். அதற்குள் நான் இரண்டாவது தடவை சொல்லத் தொடங்கிவிட்டேன். கதவை உதைத்தார். "திறடி, மூதேவி, திறடி" என்றார். அதுவும் மைக்கில் போனது. நான் நிறுத்தவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தாழ் நீக்கினேன்.

அவர் கழுத்து நனைந்திருந்தது, அப்பா. சட்டைக் காலர் வரைக்கும் நனைந்திருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன்.

"இப்பவே மைக்கைப் போடு. எல்லாம் பொய்யின்னு சொல்லு" என்று கத்தினார். "சரிங்க ஐயா. நீங்க சொல்லுங்க, அப்படியே சொல்றேன்" என்றேன். பின்னால் நின்ற குமாஸ்தா இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். கடைசியில் தலைவர் தானே மைக்கில் பேசினார். பைத்தியக்காரப் பெண், அப்பன் புத்தி, நம்பாதீர்கள் என்று என்னென்னவோ சொன்னார். அதற்குள் குழாயடியில் நின்றவர்கள் குடத்தோடும் வாளியோடும் நகரசபை வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை, "ஐயா, ஐஸாவது குடுங்க, உருக்கிக் குடிச்சுக்கிறோம்" என்று கத்தினாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. நம் பாப்பா போன அந்த வாரம்தான் அவள் பிள்ளையும் போனது. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைவர் சாயங்காலம் வரைக்கும் வெளியே போகவில்லை. கழிப்பறைக்குப் போகக்கூட இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிப் போனார். எனக்கு அது போதவில்லை.

அம்மா அப்போது குழாயடியில்தான் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலை? உன்னையும் கொண்டுபோயிட்டா நான் யாருக்காக உலை வைக்கிறது?" என்று அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சந்தை இரைச்சல்ல பாதி சரியாக் கேக்கலை. அவன் சொன்னதை முழுசா இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். உங்களைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும், "அதை மறுபடியும் சொல்லு" என்றாள்.

மறுநாள் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆனால் சபையில் மருந்துக்கடைக்காரர் எழுந்து, "குளத்துத் தண்ணியை ஏத்தச் சொன்னது யார்னு முதல்ல பேசுவோம், அந்தப் பொண்ணைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றாராம். நீங்கள் உள்ளே போனபோது இதே மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நான் மறக்கவில்லை. இருந்தாலும் இப்போது பேசினார். மேலிடத்திலிருந்து விசாரிக்க ஒரு அதிகாரியை அனுப்புகிறார்கள். நான் சொன்னதை விளையாட்டுப் பிள்ளையின் குறும்பு என்று ஒதுக்கிவிட முடியும், உங்கள் வாக்குமூலம்தான் முக்கியம் என்று குமாஸ்தா சொல்கிறார். அந்த அதிகாரி வரும் வாரம் உங்களைப் பார்க்க வருவார்.

அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீர் வந்த அன்றைக்கு அம்மா பாப்பாவிடம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நிறம் சரியில்லை, கொதிக்க வைத்துத் தருகிறேன் என்றாள். அப்போது தெருமுனை ஒலிபெருக்கியில் உங்கள் குரல் கேட்டது. "அதான் அப்பா சொல்லிட்டாரே" என்று பாப்பா தானே மொண்டு குடித்தாள். நீங்கள் அதையே நினைத்து நினைத்துக் குறுகிப்போகிறீர்கள். எனக்குத் தெரியும். அவள் நம்பியது உங்களை. ஆனால் அவளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தது நீங்கள் இல்லை. கொடுத்தவர் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், தன் பிள்ளைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

அதிகாரி உங்களிடமும், சொல்லச் சொன்னது யார் என்றுதான் கேட்பார். நீங்கள் மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டு நான்தான் என்று சொன்னால் தலைவர் தப்பித்துவிடுவார். பிள்ளைகுட்டிக்காரர் என்று நீங்கள் அவருக்காக இரக்கப்படலாம். எனக்கு இரக்கம் வரவில்லை, வரவும் வேண்டாம். நீங்கள் வெளியே வர வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். அவர் உள்ளே போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால் இரண்டும் நடக்கும்.

இந்தத் தடவை எனக்கு ஆசி ஒன்றும் எழுத வேண்டாம், அப்பா. தலையை நிமிர்த்தி அந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்துத் தலைவர் பெயரைச் சொல்லுங்கள். பாப்பாவுக்கு என்று நம்மால் இனிமேல் செய்ய முடிவது அது ஒன்றுதான்.

உங்கள் மூத்த மகள்