பகலில் தூங்கும் வீட்டுக்கு ஒரு கேபினட்

இன்று காலை சமையலுக்கு நடுவில் கூடத்திலிருந்து சூடான தூசியின் வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியை ரொம்ப நேரம் சூடேற விட்டால் வருமே, அதுபோல. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என் கம்ப்யூட்டர் சர்வரின் மேல்மூடி தொட்டால் சுட்டது. முன்பக்கத்து வலையில் தூசி அடைத்து, கம்பளி போர்த்தியது போல் இருந்தது. அதைக் கழற்றி மொட்டைமாடியில் தட்டி, கழுவிக் காயவைப்பது உங்கள் வேலை. நீங்கள் போன பிறகு அது யாருடைய வேலையாகவும் இல்லாமல் கிடந்திருக்கிறது.

கழுவி வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியின் சூடு இறங்கிவிட்டது. என் படபடப்புதான் இறங்கவில்லை. அந்த வாசனை ஏன் என்னை அப்படி ஓடவைத்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

மைசூரில் இந்த மாடிவீட்டுக்கு நாம் வந்த புதிது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நடுவில் மெல்லிய சுவர். நீங்கள் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிடும். குளித்து, சாப்பிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பீர்கள். நீங்கள் தூங்கும் நேரம்தான் என் வேலை நேரம். ஊரில் இருக்கிற போட்டோகிராபர்கள் கல்யாண வீடியோக்களை அனுப்புவார்கள். நான் கூடத்து மேஜையில் உட்கார்ந்து அவற்றை வெட்டி ஒட்டிக் கோப்பேன்.

ஒருமுறை என் ஹார்ட் டிஸ்க் ஒன்று திறக்க மறுத்து, யாரோ ஒரு குழந்தையின் தொட்டில் விழா அதோடு போய்விட்டது. அந்தத் தாய் போனில் "ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டது எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. பிறகுதான் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்தேன். ஒரு அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பெரிய கம்ப்யூட்டர். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். எந்தக் கல்யாணம் வந்தாலும் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி ஏறிவிடும். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். அதன் சத்தம்தான் மாவு மில் மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் புரண்டு புரண்டு படுப்பது கட்டில் முனகுவதில் எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் நீங்கள் தட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"இன்னைக்கு கையி உள்ள போயிருக்கும்," என்றீர்கள். "கண்ணு சொருகிருச்சு. பக்கத்து மெஷின்காரன் தோளப் புடிச்சு இழுத்துப்போட்டான்."

உங்கள் வலது கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. 

எழுந்து போய் சர்வரை அணைத்தேன். வீடு சட்டென்று அமைதியானது. "நிறுத்திட்டேன். நான் வேற வேலை ஏதாச்சும் பாத்துக்கறேன்," என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"நிறுத்தச் சொல்லி யாரு சொன்னது? உன்ற வேலைய நீ உடோணும்னு நான் சொன்னனா?"

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? அதுவும் ஓடணும், நீங்களும் தூங்கணும்னா எப்படி?"

"அதத்தான் யோசிக்கறன். சத்தம் போடாத பொட்டியா ஒண்ணு பாப்பம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டி மொஹல்லா கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனோம். சின்ன மதர்போர்டு போடுகிற கேபினட், அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி, வேண்டும், சத்தம் வரக்கூடாது என்று கடைக்காரரிடம் சொன்னேன். இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, ரொட்டிப் பாக்கெட்டை நிமிர்த்தி வைத்தது போல் ஒல்லியானது. பின்னால் பிஸ்கட் அளவில் ஒரு விசிறி. இன்னொன்று கிட்டத்தட்ட சதுரமானது, தையல் மெஷின் பெட்டியில் பாதி இருக்கும். முன்பக்கம் முழுக்க வலை, அதற்குப் பின்னால் என் விரித்த கையைவிடப் பெரிய விசிறி. டிஸ்க்கை மாட்டுகிற இடங்களில் ரப்பர் வளையங்கள்.

"பெரிய விசிறி மெதுவா சுத்தும், சத்தம் கம்மியா இருக்கும்," என்றேன். "டிஸ்க்கோட அதிர்வும் தகரத்துல ஏறாது."

நீங்கள் என் தையல் டேப்பால் இரண்டையும் அளந்தீர்கள். நம் கூடத்துச் சுவர் அலமாரியை அளந்துகொண்டு வந்திருந்தீர்கள். சின்னது உள்ளே போகும், கதவைச் சாத்திவிடலாம். பெரியது போகாது, வெளியில்தான் உட்காரும்.

"கதவச் சாத்திட்டா எந்தப் பொட்டியா இருந்தா என்ன," என்றீர்கள்.

"காத்து வேணுமே."

"கதவுல நாலு ஓட்டை போட்டுத் தாறன்."

"சத்தம் எப்படி இருக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"இதுலயா? சத்தமே இல்ல மேடம்," என்று சின்னதை ஓடவிட்டுக் காட்டினார். வாசலில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எதிர்க்கடையில் இரும்பு ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் எதை ஓட்டியிருந்தாலும் கேட்டிருக்காது. உங்கள் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. கதவு சாத்திய ஒரு வீட்டில் தூங்கப்போகிற ஆசை. எனக்கும் அது வேண்டியிருந்தது. சின்னதையே வாங்கினோம்.

குளிர்காலம் முழுக்க நன்றாகவே போயிற்று. நீங்கள் தூங்கினீர்கள். உங்கள் கண்களின் சிவப்பு போயிற்று. கட்டில் சத்தம் கேட்காத அந்தப் பகல்களில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்தேன்.

பிறகு வெயில் வந்தது, கூடவே கல்யாணப் பருவமும். அதில் ஒரு கல்யாணம் முடிந்த சில நாட்களில் பெண்ணின் அப்பா இறந்துபோனார். வீடியோ எப்போது ஆகும் என்று அந்தப் பெண் தினமும் கூப்பிடுவாள். போட்டோகிராபர் தன் மெமரி கார்டுகளை அழித்து வேறு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அந்தக் கல்யாணம் உலகத்திலேயே நம் அலமாரிக்குள் மட்டும்தான் இருந்தது.

அன்று நீங்கள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தீர்கள். நான் அந்தக் கல்யாணத்தைத் திறந்தபோது திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு: இரண்டு டிஸ்க்கில் ஒன்று காணவில்லை. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அலமாரிக் கதவைத் திறந்தேன். அடுப்பு மூடியைத் தூக்கியது போல் முகத்தில் அனல் அடித்தது. இரண்டு பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்தேனே, இரண்டும் ஒரே அனலில் வெந்துகொண்டிருந்தன. மீதமிருந்த டிஸ்க் 'டிக், டிக்' என்று இழுத்து இழுத்து ஓடியது.

அணைத்தால் அது மறுபடி எழுந்திருக்குமா என்று தெரியாது. அணைக்காவிட்டால் அதுவும் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். மூடியைக் கழற்றினால் கொஞ்சம் காற்று கிடைக்கும். ஆனால் அந்தச் சின்ன விசிறி அப்போது உச்ச வேகத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள். மாலையில் மறுபடி மெஷினுக்குப் போக வேண்டியவர் நீங்கள். ஒரு பக்கம் செத்துப்போன ஒருவரின் முகம். ஒரு பக்கம் உங்கள் கை. அலமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

படுக்கையறைக் கதவு திறந்தது.

"என்ன வாசம்?" என்றீர்கள்.

சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, பாதிதான் சொல்லியிருப்பேன். நீங்கள் உள்ளே போய், உங்கள் கால்மாட்டில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைப் பிடுங்கிக்கொண்டு வந்தீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றிப் போட்டீர்கள். ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தீர்கள்.

"இப்ப என்ன செய்யோணும்?"

"வேற டிஸ்க்குக்கு இழுக்கணும். முழுசும் வர நேரமாகும். அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல."

"முழுசையும் எதுக்குப் பாக்கற? அந்தப் பொண்ணோட அப்பன் இருக்கறத மொதல்ல எடு."

எனக்கு அது தோன்றவில்லை. அந்த வீடியோவை ஏற்கெனவே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் எங்கெங்கே வருகிறார் என்று தெரியும். தாரைவார்க்கும் இடம், பந்தியில் இலை போடச் சொல்லிக் கைகாட்டும் இடம், மண்டப வாசலில் யாரையோ பார்த்துச் சிரிக்கும் இடம். அவற்றை முதலில் இழுத்தேன். நீங்கள் போனை எடுத்து சூப்பர்வைசரிடம், "இன்னைக்கு நான் மெஷின்ல நிக்க முடியாதுங்க சார். தூங்கலைங்க. நின்னா தப்பாப் போயிரும்," என்றீர்கள். அந்தப் பக்கம் அவர் கத்தியது எனக்கே கேட்டது. நீங்கள் கேட்டுவிட்டு வைத்தீர்கள்.

மதியத்துக்கு மேல் வானம் இருண்டது. முதல் இடி விழுந்ததுமே கரண்ட் போயிற்று. டேபிள் ஃபேன் நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. சர்வரையும் திரையையும் மட்டும் அது கொஞ்ச நேரம் தாங்கும். நீங்கள் கேபினட் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, தரையில் சம்மணமிட்டு, அந்த டிஸ்க்குக்கு விசிற ஆரம்பித்தீர்கள். வியர்வை மூக்கின் நுனியிலிருந்து சொட்டியது. பெட்டிக்குள் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே விசிறினீர்கள். நான் திரையில் அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குதா?"

"இருக்கு."

"வருதா?"

"வருது. கொஞ்சம் மெதுவா வருது."

யூபிஎஸ் கத்துவது வேகமெடுத்தபோது எனக்கு அழுகை வந்தது. நீங்கள் கை மாற்றினீர்கள், விசிறுவதை நிறுத்தவில்லை. பிறகு கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. மழை தொடங்கி, ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்தது. சாயங்காலத்துக்குள் முழுக் கல்யாணமும் புது டிஸ்க்குக்கு வந்துவிட்டது. சர்வரை அணைத்தோம். அந்த டிஸ்க் அதன் பிறகு ஒருபோதும் சுழலவில்லை.

அந்தப் பெண் கூப்பிட்டபோது நீங்கள் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தீர்கள். "எங்கப்பா சிரிக்கற மாதிரி ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். போனை வைத்துத் திரும்பினால் நீங்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தீர்கள், அட்டை கையில் இருக்க.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனோம். இந்த முறை அந்தச் சதுர கேபினட்டைக் கையில் எடுத்ததுமே, "இத உள்ள வெச்சு ஓட்டிக் காட்டுங்க," என்றீர்கள். கடைக்காரர் தயங்கினார். நீங்கள் விடவில்லை. அட்டைப்பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, மூன்று பேரும் வாய்மூடி நின்றோம்.

"கேக்குதா?" என்று கிசுகிசுத்தீர்கள்.

"உத்துக் கேட்டாக் கேக்குது."

"உத்துக் கேட்டாத்தான. தூங்கறவன் எதுக்கு உத்துக் கேக்கறான்? இது போதும்."

அலமாரியில் வைக்கவில்லை. கூடத்தில், வெளிச்சத்தில், நாலு பக்கமும் காற்று வருகிற இடத்தில் வைத்தோம். ஒரு பிரதியை வேறு டிஸ்க்கில் போட்டு என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், இரண்டும் ஒரே கூரைக்கடியில் இருக்கக்கூடாது என்று. அதன் பிறகு நீங்கள் நன்றாகத் தூங்கினீர்கள். அந்த வருடங்களில் உங்கள் கைக்கு எதுவும் ஆகவில்லை.

போன வருடம் ஒரு காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று, கிளம்பாமலே நின்றது. உங்களோடு வேலை செய்கிற தம்பி மாடியேறி வந்தான். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"நல்லா தூங்கறாருன்னு நெனச்சோம் அக்கா," என்றான். "பாவம் தூங்கட்டும்னு, வெயில் படாம ஜன்னல் திரையக்கூட இழுத்துவிட்டேன். ஸ்டாப் வந்ததும் எழுப்பினா..."

மாரடைப்பு என்றார்கள். வழியிலேயே எங்கோ நடந்திருக்கிறது. அவனைக் கோபிக்க என்னால் முடியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் உங்களை எழுப்பியிருக்க மாட்டேன்.

படுக்கையறை ஜன்னலை இப்போது திறந்தே வைத்திருக்கிறேன். வேலை வந்துகொண்டிருக்கிறது. காலையில் போட்டோகிராபர்கள் கூப்பிடுவார்கள், கல்யாண வீட்டார் கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் என்னிடம் ஒரே புகார். இன்றுகூட ஒருவர், "மேடம், ஒண்ணும் கேக்கல, ஸ்வல்ப ஜோரா பேசுங்க," என்று கன்னடம் கலந்து, சத்தமாகப் பேசச் சொன்னார். பேசத்தான் பார்க்கிறேன். சாயங்காலமானால் பேச வருகிறது. பகலில் வருவதில்லை. ஒரு சொல் சத்தமாக வந்துவிட்டால் பாதியிலேயே நிறுத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் அசைகிறதா என்று கேட்கிறேன்.