துரையின் முழங்கை

மார்ச் 4
துரையின் இடது முன்காலில், முழங்கை மூட்டில் ஒரு வீக்கம். வெர்னியர் அளவுகோலில் அளந்தேன்: பதினெட்டு மில்லிமீட்டர். தொட்டால் மெத்தென்று அமுங்குகிறது. பூனைக்குப் பதினாலு வயது. மூட்டுத் தேய்மானம்தான். லேத்துப் பட்டறையில் நாற்பது வருடம் நின்றவனுக்குத் தேய்மானத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மார்ச் 6
மகள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் துரையை டாக்டரிடம் தூக்கிப் போய்விட்டாள். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே, "கட்டியாம்பா. வெள்ளிக்கிழமை தூங்க வைக்கணுமாம்" என்றாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். கூடையைப் பிடுங்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினேன்.

மார்ச் 7
தாழ்ப்பாள் போட்டாயிற்று. துரை வெளிக்குப் போக மணல் தட்டு கட்டிலுக்கு அடியில்.
"அப்பா, முழுசா கேளுங்களேன்!"
"கேட்டவரைக்கும் போதும். நீ போம்மா."
தூங்க வைப்பதாம்! நொண்டினால் கொன்றுவிடுவதா? நானும்தான் நொண்டுகிறேன்.

மார்ச் 9, வெள்ளி
போகவில்லை.

மார்ச் 15
வீக்கம் இருபத்து நாலு. கட்டிலில் ஏற மூன்று முறை பார்த்தது. நாலாம் முறை என்னைப் பார்த்தது. கட்டில் கால்களை அரையடி அறுத்தேன். துரை ஏறிவிடுகிறது. எனக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை.

மார்ச் 18
மகள் டாக்டரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கதவருகே வைத்துவிட்டாள்.
"பெரியவரே, தூங்க வைக்கிறதுன்னா மயக்க மருந்துங்க. அரை மணி நேரம். ஊசியால நீரை எடுத்துப் பார்க்கணும். அப்புறம் எழுந்து உங்களையே பிறாண்டும்."
"அதை அப்படியே சொல்றதுக்கென்ன?"
"எங்கே சொல்ல விட்டீங்கப்பா!" வெளியே மகள் அழுதாள். இல்லை, சிரித்தாள். தெரியவில்லை.
வார்த்தையைச் சரியாகச் சொல்லாதது அவர்கள் தப்பு.

மார்ச் 20
நீரை எடுத்தாயிற்று. துரை பிறாண்டவில்லை.

மார்ச் 24
புற்று இல்லையாம். வெறும் நீர்ப்பை. வயதான பூனைக்கு மூட்டு தேய்ந்தால் வருமாம், மறுபடி நிரம்புமாம், மறுபடி எடுக்கலாமாம். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். நாலாம் தேதியே எழுதிவைத்திருக்கிறேன்.

ஜூன் 2
வீக்கம் மறுபடி இருபத்திரண்டு. நாளை நீர் எடுக்க வேண்டும்.
"நாளைக்கு யாருப்பா தூங்க வைக்கிறது?" என்றாள் மகள். கிண்டல்.
"ஊசி டாக்டர் போடட்டும். கண் முழிக்கிறவரைக்கும் மடியில நான் வச்சுக்கிறேன்."
கூடையைத் துடைத்து வைத்தேன். கதவு திறந்துதான் கிடக்கிறது.